பதுங்கித் தாக்கினால் 'இலவசச் சுற்று' கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் மாயாஜாலப் பாத்திர விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஒரு வரியை மட்டும் திருத்த வேண்டும். எதிரி அசந்த நேரத்தில் தாக்கினால் ஒரு சுற்று முழுக்க இலவசமாக அடிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அவற்றில் பெயர்பெற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிற இடங்களில் பாதிச் சண்டை இந்த நம்பிக்கையால்தான் வருகிறது. பூதங்களோடு வரும் சண்டையைச் சொல்லவில்லை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் அமெரிக்காவில் கொண்டுவந்த முதல் பதிப்பில் கணக்கு எளிது: ஆறு முகப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் அந்தப் பக்கம் அசந்துபோனது. 'சர்ப்ரைஸ் ரவுண்ட்', அதாவது அசந்தவர்களை அடிக்கும் தனிச் சுற்று, என்ற பெயரை ஊரறியச் செய்தது 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு. அதிலும் முழுச் சுற்று கிடையாது. ஒரே ஒரு செயல்தான். அடிக்கலாம், இல்லை நகரலாம். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்தத் தனிச் சுற்றையே எடுத்துவிட்டது. பெயர் மட்டும் ஆடுகிறவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது.

2014 விதியில் நடப்பது இதுதான். ஒளிந்து வருகிற ஒவ்வொருவரும் இருபது முகப் பகடையை உருட்டித் தன் ஸ்டெல்த் (பதுங்கும் திறன்) எண்ணைக் கூட்டுகிறார். எதிர்ப்பக்கம் யாரும் உருட்டுவதில்லை. அவர்களுடைய பாசிவ் பெர்செப்ஷன், அதாவது பத்தோடு அவரவர் பெர்செப்ஷன் (கவனிக்கும் திறன்) எண், அப்படியே நிற்கிறது. அதைவிடக் குறைந்த ஸ்டெல்த் கண்ணில் பட்டுவிடும். ஒளிந்தவர்களில் ஒருவரைக்கூடக் கவனிக்காதவர்தான் அசந்தவர். பிறகு எல்லோரும், அசந்தவர்கள் உட்பட, இனிஷியேட்டிவ், அதாவது யார் முறை முதலில் என்ற வரிசைக்கான பகடை, உருட்டுகிறார்கள். அசந்தவர் தன் முதல் முறையில் நகரவோ செயல்படவோ முடியாது. அந்த முறை முடியும்வரை, பிறர் முறையில் பதிலுக்குச் செய்யும் ரியாக்‌ஷனும் கிடையாது. அவ்வளவுதான் தண்டனை.

'ஒருவரைக்கூட' என்ற சொல்லில்தான் திட்டங்கள் கவிழ்கின்றன. வாசலில் ஒரு சாதாரணக் காவலன், பாசிவ் 12. ஒளிந்து வருகிறவர்கள் நால்வர்: ரோக் (திருடன்) ஸ்டெல்த் +7, ரேஞ்சர் (வனவீரன்) +5, விசார்ட் (மந்திரவாதி) +2, சங்கிலிக் கவசம் போட்ட பாலடின் (புனித வீரன்) +0. அந்தக் கவசத்தால் பாலடினுக்கு டிஸ்அட்வான்டேஜ். இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். எண் சமமாக வந்தால் ஒளிந்தவருக்கே சாதகம் என்று வைத்துக்கொண்டாலும், தனித்தனியாகத் தப்பும் வாய்ப்பு 80, 70, 55, 20 சதவீதம். நான்கையும் பெருக்கினால் 6 சதவீதம்! பாலடினை ஐம்பதடி பின்னால் நிற்க வைத்துவிட்டு மற்ற மூவர் போனால் 31. ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்கள் பலர் இதற்குப் பதிலாகக் குழுச் சோதனை வைக்கிறார்கள்: பாதிப்பேர் தாண்டினால் எல்லோரும் தாண்டியதாகக் கணக்கு. அதே நால்வருக்கு வாய்ப்பு 81-க்கு ஏறிவிடும். ஆறுக்கும் எண்பத்தொன்றுக்கும் நடுவே இருப்பது டன்ஜன் மாஸ்டரின் ஒரு முடிவு. அதை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது; வாசலில் நின்றுகொண்டு விவாதித்தால் அன்றைய மாலை போயிற்று.

வெளிச்சத்தையும் மறக்கிறார்கள். மங்கலான ஒளியில் கண்ணால் கவனிப்பதற்கு டிஸ்அட்வான்டேஜ். பாசிவ் எண்ணில் அது 5 குறைவு. அந்தக் காவலனின் 12 மங்கலில் 7. டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் திறன்) உள்ள எதிரிக்கும் கும்மிருட்டு மங்கல் ஒளிதான் என்பதால் அதே கழித்தல் உண்டு. காதால் கேட்பதற்கு இந்தச் சலுகை இல்லை.

அடுத்த குழப்பம் வரிசையில். "நான் அம்பு விடுகிறேன்" என்று ரோக் சொன்ன உடனே அந்த அம்பைத் தீர்த்துவிட்டு அப்புறம் இனிஷியேட்டிவ் கேட்கிறார்கள். அப்படிச் செய்தால் எதிரிக்கு இரட்டை நஷ்டம்: சண்டைக்கு முன்னால் ஓர் அடி, சண்டைக்குள் ஓர் இழந்த முறை. இனிஷியேட்டிவ்தான் முதலில். காவலனுக்கு 18, ரோக்குக்கு 11 என்று வைத்துக்கொள்ளுங்கள். 18-ல் காவலனின் முறை வருகிறது. ஒன்றும் செய்யாமல் முடிகிறது. அந்த நொடியே அவன் அசந்தவன் இல்லை. 11-ல் அம்பு பறக்கும்போது, அசந்தவரைத் தொட்டாலே கிரிட்டிக்கல் (இரட்டைப் பகடைச் சேதம்) என்ற, அசாசின் வகை ரோக்கின் வரம் செல்லாது. ரோக் ஒளிந்தே இருப்பதால் அட்வான்டேஜும் (இரண்டு பகடையில் பெரியதை எடுப்பது) ஸ்னீக் அட்டாக்கும் (ரோக்கின் கூடுதல் சேதம்) மட்டும் மிச்சம். மூன்றாம் லெவல்வரை காத்திருந்து அசாசின் ஆனவருக்கு இது வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் விதி அதுவே.

சண்டை நடக்கும்போது மூன்றாம் சுற்றில் புதரிலிருந்து ஒருவன் எழுந்தால் அது சர்ப்ரைஸ் ஆகாது. காணாத இடத்திலிருந்து வரும் முதல் அடிக்கு அட்வான்டேஜ் மட்டுமே. எதிரெதிரே நின்று பேசிக்கொண்டிருக்கையில் திடீரென வாளை உருவுவதும் என் கணக்கில் சர்ப்ரைஸ் ஆகாது. யார் கை முந்தும் என்று சொல்லத்தானே இனிஷியேட்டிவ் இருக்கிறது?

2024 பதிப்பில் இந்தத் தண்டனை இன்னும் சுருங்கிவிட்டது. அசந்தவர் முறையை இழப்பதில்லை. இனிஷியேட்டிவை டிஸ்அட்வான்டேஜோடு உருட்டுகிறார். சராசரி 10.5 இருந்த பகடை 7.2-க்கு அருகே இறங்கும், அவ்வளவே. பதுங்குவதை ரசிக்கிறவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். எனக்கு இந்த விதிதான் பிடிக்கிறது; நான்கு பேர் ஒரு சுற்று முழுக்கத் தட்டிக்கேட்க ஆளில்லாமல் அடித்தால் பெரிய எதிரிகூட வாய் திறக்குமுன் விழுந்துவிடுகிறது. அசாசினும் மாறிவிட்டார்: தானாக வரும் கிரிட்டிக்கல் போய், இனிஷியேட்டிவில் அட்வான்டேஜ் வந்திருக்கிறது.

இரண்டு புத்தகங்களும் ஒரே மேசையில் கிடப்பதால் கலந்து ஆடுவது சகஜமாகிவிட்டது. 2024 விதியில் ஆடுகிறவர்களுக்கு ஒரு சுருக்குவழி: அரக்கர்களுக்கு இனிஷியேட்டிவ் பகடை உருட்டாமல், பத்தோடு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) எண்ணைக் கூட்டி எழுதி வைத்துக்கொள்ளலாம். +2 உள்ளவனுக்கு 12. அசந்திருந்தால் ஐந்தைக் கழித்து 7.

இப்படிக்கு,
வாசகர்,
கோயம்புத்தூர்