ஐ.சி.எம்.ஆர். மாணவர் ஆய்வுத் திட்டம்: ஞாயிறன்று கூட்டம்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) நடத்தும் குறுகியகால மாணவர் ஆய்வுத் திட்டம் பற்றி வரும் ஞாயிறு, 12ஆம் தேதி, மாலை 6 மணிக்கு கூகுள் மீட்டில் பேசுகிறோம். 1979 முதல் நடக்கும் திட்டம் இது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்கள் இரண்டு மாதம் தங்கள் கல்லூரியிலேயே ஆய்வு செய்யலாம்.

1. பிள்ளைகள் இப்போதே கைடிடம், அதாவது ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரிடம், பேசட்டும். ஒரு பேராசிரியர் ஒரு மாணவரைத்தான் எடுக்க முடியும்.
2. தலைப்பு சின்னதாக இருக்கட்டும். இரண்டு மாதத்துக்குள் தரவு சேர்த்து முடிக்க வேண்டும். புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பதெல்லாம் அப்புறம்!
3. ஆய்வு முறையாக, யாருக்கும் பாதிப்பில்லாமல் நடக்குமா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம்.
4. அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே உதவித்தொகை வரும். அதை நம்பிச் செலவு செய்ய வேண்டாம்.

வருபவர்கள் வெள்ளிக்குள் பிள்ளையின் பெயர், படிக்கும் ஆண்டு, விரும்பும் துறையை இங்கேயே பதிவிடுங்கள்.