புயலில் போனவர்களுக்கும் ஒரு கல் வேண்டும்

கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாநகராட்சி மேயர் மற்றும் மாமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சுனாமி நினைவுத்தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று அங்கே மாலை வைக்கிறார்கள், பெண்கள் கடலில் பால் ஊற்றி அழுகிறார்கள், அதிகாரிகளும் வந்து நிற்கிறார்கள். 2004இல் இந்த மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் கடல் கொண்டுபோனது. அந்தத் தூண் இருக்கத்தான் வேண்டும். அதற்கு நான்காம் நாள் டிசம்பர் 30. அன்றைக்கு ஊரில் ஒன்றும் நடப்பதில்லை. புத்தாண்டு கொண்டாடப் புதுச்சேரி போகிற வண்டிகள் முள்ளோடை பக்கம் வரிசைகட்டும், அவ்வளவுதான்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மணிக்கு 140 கி.மீ. வரை காற்று. தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டிலும் சேர்த்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் நம் மாவட்டத்துக்காரர்கள். அவர்கள் பெயர் பொறித்த ஒரு கல்லை இங்கே எங்கும் நான் பார்த்ததில்லை. புயலுக்குப் பிறகு குடிசைகளுக்குப் பதிலாக ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டித்தருவதாக அரசு அறிவித்ததே, அந்தத் திட்டத்தில்தான் தானேயின் பெயர் தங்கியிருக்கிறது. ‘தானே வீடு’ என்றால் எந்த ஊராட்சியிலும் புரியும். தானேயில் செத்தவர் யார் என்று கேட்டால் அந்தந்தத் தெருக்காரர்தான் சொல்ல முடியும்.

இது ஏன் இப்படி ஆனது என்பது எனக்குப் புரிகிறது. சுனாமிச் சாவு ஒரே நாளில், ஒரே கரையோரமாக விழுந்தது. மீனவ கிராமங்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. கேட்கும்போது ஊரே சேர்ந்து கேட்கும். புயல் சாவு சிதறிக் கிடக்கிறது. ஓர் ஊரில் இரவு தூங்கிக்கொண்டிருந்தவர் மேல் மண்சுவர் இடிந்து விழுந்திருக்கும், பத்து கி.மீ. தள்ளி இன்னொருவர் மேல் மரம் சாய்ந்திருக்கும். இறந்தவர்கள் பெரும்பாலும் கூலிவேலைக்காரர்கள். அந்தக் குடும்பங்கள் ஒன்றையொன்று பார்த்ததுகூடக் கிடையாது. அவர்கள் சேர்ந்து வந்து மனுக் கொடுப்பார்கள் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

எழுதி வைத்தவர்களின் சாவுதான் நிற்கிறது என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. 1749 ஏப்ரலில், புனித டேவிட் கோட்டைக்கு அருகே கடலில் நின்ற ‘நமூர்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் புயலில் மூழ்கி 500 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தக் கணக்கு இன்றும் வரலாற்றில் இருக்கிறது. கப்பலில் ஆள் பட்டியல் இருந்தது. கரையில் இருந்த குப்பத்துக்கு ஏது பட்டியல்? இன்று அந்தச் சாக்கு நமக்கு இல்லை. நிவாரணத் தொகை கொடுத்த கோப்புகள் தாலுகா அலுவலகங்களில் இருக்க வேண்டும், இறப்புப் பதிவும் இருக்கும்.

இடம் பற்றி ஒரு வேண்டுகோள். தயவுசெய்து இந்த நினைவுக்கல்லையும் சில்வர் பீச்சில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். தானேயின் அடி கடற்கரையோடு நிற்கவில்லை. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி என்று உள்ளே புகுந்து முந்திரிக்காடுகளைப் படுக்க வைத்துவிட்டுப் போனது. தாத்தா காலத்துப் பலாமரங்கள் வேரோடு கிடந்தன. முந்திரி ஒட்டுக்கன்றாவது சில ஆண்டுகளில் காய்க்கும், அந்த அளவுக்குப் பலா வளர ஒரு தலைமுறை பொறுக்க வேண்டும். கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் வழியில் பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது வெளியிட்ட பலா ரகத்துக்கே பாலூர் என்றுதான் பெயர். அந்தச் சாலையோரம் கொஞ்சம் புறம்போக்கு நிலம் பார்த்து, பாலூர் பலா நட்டு, நடுவில் கல்லை வையுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் படும். வேலியும் பூட்டும் மட்டும் வேண்டாம். நம்மூரில் பூட்டிய பூங்காவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று எப்போதும் யாருக்கும் தெரிந்ததில்லை.

யாருடைய பெயர் வரவேண்டும் என்பதில் உங்களுக்குள் விவாதம் வரும். பெயர் சூட்டப்பட்ட புயலில் இறந்தவர் மட்டும் என்று வரையறை போட்டால், 2015 நவம்பர் 9இல் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் வீடுகளோடு அடித்துக்கொண்டுபோனவர்கள் விட்டுப்போவார்கள். அன்று புதுச்சேரி அருகே கரை கடந்தது வெறும் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், அதற்குப் பெயர் கிடையாது. 2024இல் ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு, சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரை மூழ்கடித்தது. காற்று அடங்கிய பின் அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்து ஒருவர் செத்தால் அவரும் புயலில் செத்தவர்தான். தாராளமாக எண்ணுங்கள். கல்லில் வெற்றிடமும் விடுங்கள், அது தேவைப்படும் என்று சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் பாகூர்க் கிராமங்களும் அதே காற்றில்தான் கிடந்தன. புதுச்சேரி அரசுக்கும் ஒரு கடிதம் எழுதினால் நல்லது.

பெயரோடு ஊரும், எப்படி இறந்தார் என்பதும் இருக்கட்டும். ‘சுவர் இடிந்து’, ‘மரம் சாய்ந்து’, ‘மின்சாரம் தாக்கி’ என்று இரண்டிரண்டு சொல் போதும். படிக்கிற பள்ளிப்பிள்ளை வீட்டுக்குப் போய்த் தன் வீட்டுச் சுவரை ஒருதரம் பார்க்கும். புயலின் கண் மேலே வரும்போது காற்று சட்டென்று நிற்கும், அதை நம்பி வெளியே போனால் எதிர்த்திசையிலிருந்து திரும்பி அடிக்கும் என்பதையும் கீழே ஓரிடத்தில் பொறியுங்கள். பெண்களை ‘இன்னாரின் மனைவி’ என்று எழுதாமல் அவரவர் பெயரால் எழுதுங்கள். திறந்து வைத்தவர் பெயர் அவசியம் இருக்க வேண்டுமானால் பின்பக்கம், இறந்தவர் பெயரைவிடச் சின்ன எழுத்தில் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் நிதி ஒதுக்கீடு, தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி என்று நாள் பிடிக்கும், தெரியும். பட்டியலுக்கு அது எதுவும் வேண்டாம். கிராம நிர்வாக அலுவலர்கள் வழியாகப் பெயர்களைத் திரட்டி, வரும் டிசம்பர் 30க்குள் தாலுகா அலுவலகங்களிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்டுங்கள். விட்டுப்போன பெயரைச் சேர்க்கவும், தப்பான இனிஷியலைத் திருத்தவும், வேண்டாம் என்பவர்கள் தங்கள் வீட்டுப் பெயரை எடுத்துவிடச் சொல்லவும் குடும்பங்களுக்கு மூன்று மாதம் கொடுங்கள். கல்வெட்டுக்காரரை அதன் பிறகு கூப்பிடலாம்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஒருவர்