போர்வெல் பைப்: கேட்க வேண்டியது அடி விலை அல்ல

ஆசிரியருக்கு,

கோடை வந்துவிட்டால் கோவை, திருப்பூர் பக்கம் போர் போடும் வண்டிகளுக்கு ஓய்வில்லை. ஆயிரம் அடி என்பதே இங்கு சாதாரணப் பேச்சாகிவிட்டது. மோட்டார் எத்தனை எச்.பி. என்று நாலு பேரிடம் விசாரிப்பவர்கள்கூட, அந்த மோட்டாரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் பைப்பை மட்டும் "அடி என்ன விலை?" என்று கேட்டு வாங்கிவிடுகிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது உள்விட்டம். கறுப்பு ஓஸுக்கு (எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் குழாய்) அளவு சொல்வது வெளிவிட்டத்தில். 32 மி.மீ. என்று வாங்கும் கனமான ஓஸில் தண்ணீர் போக 26 மி.மீ.தான் இருக்கும். 600 அடி நீளத்துக்கு நிமிடத்துக்கு 60 லிட்டர் இதில் ஏறினால், உராய்விலேயே சுமார் 85 அடி தண்ணீரைத் தூக்கும் சக்தி வீணாகும். 40 மி.மீ. ஓஸில் அது 30 அடிக்குள் அடங்கிவிடும். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால், இந்த நஷ்டம் யார் கண்ணிலும் படுவதில்லை.

அடுத்தது அழுத்தம். 33 அடிக்கு ஒரு கிலோ (சதுர செ.மீ.க்கு) என்பது கணக்கு, 600 அடிக்கு 18 கிலோ. ஆனால் ஆழத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. மேலே கேட் வால்வு மூடியிருக்கும்போது மோட்டார் ஓடினால், பம்ப் தன் உச்ச அழுத்தம் முழுவதையும் பைப்பின் மேல் போடும். பம்ப்பின் பெயர்த்தகட்டில் அதிகபட்ச ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரம்) 800 அடி என்றிருந்தால் 24 கிலோ. ஸ்டார்ட்டிங் அதிர்வும் சேர்வதால் அதற்கும் மேலே தாங்கும் பைப்தான் வேண்டும். 'ஸ்டாண்டர்டு', 'ஹெவி' என்ற பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்று கேளுங்கள்.

பி.வி.சி. 'காலம்' பைப் (துண்டு துண்டாக இணைத்து இறக்கும் ஏற்றுக் குழாய்) அறுவது பெரும்பாலும் ஜாயிண்டில். 10 அடிக்கு ஒன்று வீதம் 600 அடிக்கு 60 ஜாயிண்ட். மரையில் ஒட்டிய மணலைத் துடைக்காமல் முறுக்கினால் ரப்பர் ரிங் கிழியும். இரும்பு பைப்புக்குப் பழகிய கை ரெஞ்ச் போட்டு இறுக்கினால் கப்ளிங்கில் மயிரிழை விரிசல் விழும். அது தெரிவது சில மாதம் கழித்துத்தான். கடை வாசலில் வெயிலில் கிடந்து நிறம் மங்கிய பைப்பை வாங்கவே வேண்டாம். 'நான்-ரிட்டர்ன்' வால்வு (தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுப்பது) இல்லாவிட்டால், மோட்டார் நின்றதும் பைப்பிலுள்ள தண்ணீர் கீழிறங்கிப் பம்ப்பைத் தலைகீழாகச் சுழற்றும். அந்த நேரத்தில் மறுபடி ஸ்விட்ச் போட்டால் முறுக்கல் முழுவதும் ஜாயிண்டில்தான் விழும்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் வலுவானதுதான். ஆனால் உப்புத் தண்ணீரில் முதலில் அரிப்பது மரை. மரை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு இருக்காது. பி.வி.சி. போட்டும் அடியில் பம்ப்போடு இணைக்கச் சாதா இரும்பு அடாப்டர் வைத்தால் இதே கதைதான். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட வேண்டும்.

ஓஸ் என்றால் ஐ.எஸ். 4984 (இந்தியத் தரக் குறியீடு) முத்திரை பாருங்கள். மோட்டாரோடு தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டாயம். ஓஸ் பாரத்தில் சற்று நீளும் என்பதால், கேபிளை விறைப்பாகக் கட்டாமல் கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்ட வேண்டும்.

ரசீதில் '600 அடி பைப்' என்று மட்டும் எழுதித் தருவது பல கடைகளில் வழக்கம். வெளிவிட்டம், தாங்கும் கிலோ, ஐ.எஸ். எண் மூன்றையும் எழுதச் சொல்லி அரசு உத்தரவிடலாம். பைப் அறுந்து மோட்டாரோடு உள்ளே போன பிறகு, கடைக்காரரிடம் காட்ட வாங்கியவர் கையில் வேறு அத்தாட்சி இருக்காது.

- வாசகர், கோவை மாவட்டம்