ரத்தம் தத்ரூபம், தரைச்சண்டை அரைகுறை

ஆசிரியருக்கு வணக்கம்.

யுஎஃப்சி என்ற சண்டைப் போட்டியை வைத்து இஏ நிறுவனம் செய்த 'இஏ ஸ்போர்ட்ஸ் யுஎஃப்சி 5' வீடியோ கேம் பற்றி உங்கள் இளைஞர் பக்கத்தில் வந்த அறிமுகம், அதன் காட்சித் தரத்தை வாயாரப் புகழ்ந்திருந்தது. அந்தப் புகழ்ச்சி நியாயமானதே. ஆனால் குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த இந்த எம்எம்ஏ சண்டையில் பெரும்பங்கு தரையில் நடக்கிறது. அதை இந்த கேம் எப்படிக் கையாள்கிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. பணம் போட்டு வாங்கப்போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

2023 அக்டோபர் 27-இல் வந்த இந்த கேம் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் ஆகிய கன்சோல்களுக்கு மட்டுமே. பிஎஸ்4-இல் ஓடாது, கணினிக்கும் வெளியிடவில்லை. அமெரிக்காவில் வெளியீட்டு விலை 70 டாலர். முகத்தில் எங்கே அடி விழுந்ததோ அங்கே வீங்குகிறது, கிழிகிறது. கண்ணருகே வெட்டு ஆழமானால் மருத்துவர் வந்து பார்க்கிறார், சண்டையை நிறுத்தவும் செய்கிறார். 2019 நவம்பரில் மாஸ்விடால், நேட் டயஸ் என்ற யுஎஃப்சி வீரர்களின் மோதல் மூன்றாம் சுற்றோடு நின்றுபோனது இப்படி ஒரு வெட்டுக் காயத்தால்தான். நின்றபடி நடக்கும் சண்டை வரை குறை சொல்ல அதிகமில்லை.

ஆள் கீழே விழுந்ததும் நிலைமை மாறுகிறது. பின்னாலிருந்து போடும் கழுத்துப்பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். பிடிப்பவரின் முழங்கை எதிராளியின் தாடைக்கு நேர் கீழே வர வேண்டும். அப்போதுதான் மேற்கையும் முன்கையும் கழுத்தின் இருபுறத்து ரத்தக் குழாய்களை அழுத்தும். சில நொடிகளில் நினைவு தப்பும். முழங்கை ஒரு பக்கமாக விலகினால் அழுத்தம் தாடையில்தான் விழும், பிடி வீண். தப்பிப்பவர் முகவாயை நெஞ்சோடு ஒட்டி, கழுத்தைச் சுற்றிய கையை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்து, தோள்பட்டையைத் தரையில் பதிக்கப் பார்ப்பார். யார் எந்தக் கையை எப்போது வெல்கிறார் என்பதுதான் ஆட்டம்.

இந்த கேமின் முந்தைய பாகமான யுஎஃப்சி 4-இல் இவ்வளவும் திரையில் ஒரு பட்டை இன்னொரு பட்டையைத் துரத்தும் விளையாட்டாகச் சுருங்கியிருந்தது. ஐந்தாம் பாகம் அந்தப் பட்டைகளை எடுத்துவிட்டது, நல்லதுதான். ஆனால் அதற்குப் பதிலாக வந்தது திசையை ஊகிக்கும் ஆட்டம். ஒருவர் கன்ட்ரோலரின் ஸ்டிக்கை ஒரு திசையில் தள்ளுவார், மற்றவர் அதைக் கணித்துத் தடுக்க வேண்டும். கணிப்பு தவறினால் பிடி ஒரு படி இறுகும். கை எங்கே இருக்கிறது, எடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுக்க வழியே இல்லை. ஸ்டாமினா, அதாவது தெம்பு, அதிகம் மிச்சம் உள்ளவர் ஜெயிக்கிறார், அவ்வளவுதான்.

சண்டைக் களத்தைச் சுற்றி நிற்கும் கம்பி வேலியின் கதையும் இதுவே. 2018 அக்டோபரில் கபீப் நுர்மகமதோவ் கோனர் மெக்ரெகரை நான்காம் சுற்றில் பணியவைத்தார். எதிராளியை வேலியோரம் தள்ளி, கால்களைத் தன் கால்களால் பின்னி, மணிக்கட்டை முடக்கி வைத்து அடிப்பது கபீபின் பாணி. கபீப் இந்த கேமில் இருக்கிறார். அந்தப் பாணியை விளையாட வழி இல்லை. தரையில் கிடக்கும்போது வேலி வெறும் சுவராகத்தான் இருக்கிறது. கணுக்கால் பிடி இல்லாத கபடியை யாராவது கபடி என்று விற்றால் நாம் ஒப்புக்கொள்வோமா?

புதியவர்களுக்கு எளிதாக இருக்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். 2012-இல் டிஎச்க்யூ என்ற கேம் நிறுவனம் வெளியிட்ட 'யுஎஃப்சி அன்டிஸ்பியூட்டட் 3' இதற்கு விடை தந்துவிட்டது. தொடக்கநிலை, தேர்ந்தநிலை என்று கிராப்பிளிங்குக்கு, அதாவது கட்டிப்புரளும் சண்டைக்கு, இரண்டு கட்டுப்பாட்டு முறைகள் அதில் இருந்தன. வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானில் முன்பு நடந்த பிரைடு என்ற எம்எம்ஏ போட்டியின் விதிகளில் மோத அதில் தனிப்பிரிவே உண்டு. அதே ஆண்டு யுஎஃப்சி உரிமம் டிஎச்க்யூவிடமிருந்து இஏவுக்குப் போனது. ஆண்டு முடிவதற்குள் டிஎச்க்யூ திவால் மனு கொடுத்தது. அன்றிலிருந்து யுஎஃப்சி பெயரில் கன்சோலுக்குப் பெரிய கேம் செய்வது இஏ மட்டும்தான். போட்டிக்கு ஆளில்லாத கடையில் சரக்கு மேம்பட அவசரம் இருக்காது. நான்காம் பாகத்தில் வந்த பயிற்சியாளர் டேவிஸ் ஐந்தாம் பாகத்தின் கேரியர் பிரிவிலும் (ஒரு வீரரை வளர்த்தெடுக்கும் பகுதி) அப்படியே வந்து நிற்பதை வேறு எப்படி விளங்கிக்கொள்வது?

இன்னொன்றையும் உங்கள் விமர்சகர்கள் கவனத்தில் வைக்க வேண்டும். நான்காம் பாகம் 2020 ஆகஸ்டில் வெளியாகி, விமர்சனங்களெல்லாம் வந்து முடிந்த பிறகு, செப்டம்பரில் ரீப்ளே காட்சிகளுக்கு நடுவே முழுத்திரை விளம்பரங்கள் முளைத்தன. முழு விலை கொடுத்து வாங்கிய கேம் அது. எதிர்ப்பு கிளம்பியதும் இஏ அவற்றை நீக்கியது. முதல் வாரத்தில் எழுதும் விமர்சனத்தை ஒரு மாதம் கழித்து ஒருமுறை சரிபார்த்து வெளியிட்டால் வாசகருக்கு உதவியாக இருக்கும்.

வாங்குவதற்கு முன், கேம் வைத்திருக்கும் நண்பர் வீட்டில் அரைமணி நேரம் சோதித்துப் பாருங்கள். முதலில் கேமின் செட்டிங்ஸில் கிராப்பிள் அசிஸ்ட் வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது எழுவதா, அடிப்பதா, பிடி போடுவதா என்று மட்டும்தான் நீங்கள் சொல்வீர்கள், நிலை மாற்றத்தை கேமே பார்த்துக்கொள்ளும். பிறகு பயிற்சிப் பிரிவில் எதிராளியைக் கீழே தள்ளி, ஹாஃப் கார்டிலிருந்து (எதிராளி உங்கள் ஒரு காலைப் பின்னியிருக்கும் நிலை) சைடு கண்ட்ரோல் (பக்கவாட்டில் அழுத்துவது), அங்கிருந்து மவுண்ட் (மேலே ஏறி உட்காருவது) என்று பத்து முறை போய்வாருங்கள். கடைசியாக நண்பரோடு நேருக்கு நேர் ஐந்து சுற்று, தரையில் மட்டும். மூன்றாம் சுற்றுக்குள் இருவருமே நின்று குத்தத்தான் விரும்புகிறீர்கள் என்றால், நீங்கள் கொடுக்கும் பணம் நின்று குத்தும் பாதிக்கா, தரைச்சண்டைப் பாதிக்கா, எதற்குப் போகிறது என்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி