உச்சிப்புளி ஹெலிகாப்டருக்கு ஓர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய விமானத்தைக் கம்பத்தில் தூக்கி வைத்து, சுற்றிலும் புல் வளர்த்துவிட்டால் காட்சி முடிந்தது என்று நினைக்கிறோம். இங்கிலாந்தின் இயோவில்டனில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில், விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தையே உள்ளே அமைத்து, அதன்மேல் நிஜ விமானங்களை நிறுத்தியிருக்கிறார்கள். விசாகப்பட்டினம் கடற்கரையில், கடற்படையில் கண்காணிப்புப் பணி செய்து ஓய்வுபெற்ற டியு-142 விமானத்துக்குள்ளேயே ஏறிப் பார்க்கலாம்.

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் 2009 முதல் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத் தளம் இயங்குகிறது. சேத்தக் ஹெலிகாப்டரின் சத்தம் எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கம். கிட்டே போய்ப் பார்த்ததில்லை. ஓய்வுபெற்ற ஒரு சேத்தக்கை எங்கள் மண்டபம் ஊரில் காட்சிக்கு வையுங்கள். கீழே நிஜமான நாட்டுப்படகு ஒன்று, அதில் நனைந்த வலை, ஐஸ் பெட்டி. மேலிருந்து இறங்கும் மீட்புக் கயிறு. கடலில் தத்தளிப்பவனுக்கு அந்தக் கயிறு என்னவென்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒன்று மட்டும்: வெட்டவெளி வேண்டாம். இங்கே உப்புக்காற்று சைக்கிள் செயினையே தின்றுவிடும். அலுமினியத் தகடும் ரிவெட்டும் எத்தனை நாள் தாங்கும்? முதலில் சுவரும் கூரையும் கட்டுங்கள், அப்புறம் ஹெலிகாப்டரைக் கொண்டுவாருங்கள்.

– வாசகர், மண்டபம்