ட்ரவுட்டுக்குப் போடுவது உயிருள்ள ஈ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் நம் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலைச் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். அதில் ட்ரவுட் மீன்பிடிப்பைப் பற்றிய பத்தி மட்டும் மனதை உறுத்துகிறது. ஈயைப் பிடித்து முள்ளில் குத்தி வீசுவார்கள் என்றும், அது பணக்கார வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் தவறு. நான் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். முப்பத்தோரு வருஷம் டர்பனில் துணி ஆலையில் தையல் மெஷின் ஓட்டியவள். பதினோரு வருஷமாக ஃப்ளை கட்டுகிறேன். அதைப் போட்டு மீனும் பிடிக்கிறேன்.

ஃப்ளை என்பது உயிருள்ள பூச்சி இல்லை. வெறும் முள்ளின் மேல் இறகையும் மயிரையும் நூலால் சுற்றி, ஆற்றுப் பூச்சியின் சாயல் வரும்படி கட்டுவது. எங்கள் வீட்டில் இதை இறகுத் தூண்டில் என்றே சொல்கிறோம்.

என் கணவர் கடற்கரையில் ஷாட் என்ற கடல் மீனைப் பிடித்தவர். அவருடைய தூண்டிலில் ஈயக்குண்டுதான் தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும். இறகுத் தூண்டிலில் குண்டு கிடையாது, ஃப்ளைக்குச் சொல்லும்படி எடையும் கிடையாது. அதனால் நரம்புக்கே எடை வைத்துச் செய்கிறார்கள். அந்த எடைக்குத்தான் எண். 5ஆம் எண் நரம்பென்றால் அதன் முதல் 30 அடி 140 கிரெயின், சுமார் 9 கிராம். அந்த எடையைத் தூக்கி வளைகிற கோல் 5ஆம் எண் கோல். இரண்டும் பொருந்தாவிட்டால் எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் வீண்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் ஒரு கடையில் போய் நின்றபோது, ட்ரவுட்டுக்கு என்று சொல்லியும் 8ஆம் எண் கோலை என் தலையில் கட்டிவிட்டார்கள். அது கடலுக்கும் பெரிய மீனுக்கும் ஆனது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் ஒரு மாதம் வீசிப் பழகினேன். தோள் வீங்கியதுதான் மிச்சம். ஃப்ளை ஒவ்வொரு தடவையும் கல் விழுகிற மாதிரி விழுந்தது. பிறகு மலையடிவார ஊரான அண்டர்பர்க்கில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் தன்னுடைய ஒன்பதடி, 5ஆம் எண் கோலை என் கையில் கொடுத்து, "நீங்க ஒண்ணும் பலம் போட வேண்டாம்மா, கோல் வளையட்டும்" என்றார். அன்றைக்குத்தான் நரம்பு நேராக விரிந்து போனதைப் பார்த்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: 5ஆம் எண் கோல் ஒன்று, மிதக்கிற நரம்பு ஒன்று போதும். ரீலில் காசைக் கொட்டாதீர்கள். ட்ரவுட்டுக்கு அது நரம்பைச் சுற்றி வைக்கிற உருளை, அவ்வளவுதான். காசு இருந்தால் நல்ல நரம்பு வாங்குங்கள்.

எண்களைக் கண்டு யாரும் மிரள வேண்டாம். எங்கள் ஆலையில் டிக்கெட் 120 நூல், டிக்கெட் 80ஐவிட மெல்லிசு. இங்கே முள்ளும் நுனி நரம்பும் அப்படித்தான், கோலின் எண் மட்டும் நேர்மாறு. 14ஆம் எண் முள் 10ஐவிடச் சின்னது. நுனியில் ஃப்ளையை முடிச்சுப் போடுகிற நரம்பிலும் 5எக்ஸ், 4எக்ஸைவிட மெல்லிசு.

கட்டும் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன், இதில்தான் என் உயிரே இருக்கிறது. மயில் தோகையின் ஒரே ஓர் இழையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய தண்டு, அதன் மேல் பொடிப்பொடியாய் ரோமம். முள்ளில் சுற்றினால் பச்சையும் செம்பும் மாறிமாறி மின்னும். தண்ணீருக்குள் அது உயிருள்ள புழுவின் உடம்பேதான். ஆனால் ரொம்ப நொய்மை. மீனின் பல் ஒரு தடவை பட்டால் அறுந்து பிரிந்துவிடும். அதனால் மூன்று நான்கு இழைகளை நூலோடு சேர்த்து முறுக்கிக் கயிறாக்கி, பிறகு சுற்ற வேண்டும். இந்த நாட்டில் பிறந்த சாக் என்ற ஃப்ளைக்கும் மயில் இழைதான் உடம்பு. புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. முள்ளின் காது, அதாவது நரம்பைக் கோக்கிற வளையம், வரைக்கும் கட்டிக்கொண்டே போய், கடைசி முடிச்சுக்கு இடம் இல்லாமல் தவிப்பார்கள். நானும் தவித்தேன். காதுக்குப் பின்னால் இரண்டு மில்லிமீட்டர் விட்டுவிட்டுத் தொடங்குங்கள். கோயிலுக்கு மாலை கட்டிய கைகளுக்கு இந்த இறுக்கம் சொல்லிக் கொடுக்காமலே வரும். ஒன்று சொல்ல வேண்டும்: காவடியில் ஏறிய தோகையை நான் இதற்குத் தொடுவதில்லை. தனியாக வாங்குகிறேன்.

வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு என்கிறீர்கள். ஸ்காட்லாந்திலிருந்து முட்டையாகக் கப்பலில் வந்து, 1890இல் நேட்டால் ஆறுகளில் விடப்பட்டது ட்ரவுட். நம் முன்னோர் அதற்கு முப்பது வருஷம் முந்தி, 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கியவர்கள். நிறவெறிக் காலத்தில் அந்த மலை முகாம்களில் நம்மவர்களுக்கு இடமில்லை. அதனால்தான் நம் தூண்டில் கடலோடு நின்றுபோனது, ஆசை இல்லாமல் அல்ல.

ட்ரவுட்டால் கெடுதலே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஹிம்வில் பக்கத்து உம்கோமசானா ஆற்றில் ஒரு காலத்தில் மலோட்டி மின்னோ என்ற சிறு மீன் இருந்தது. இப்போது அது பக்கத்து நாடான லெசோத்தோவின் மலை ஆறுகளில்தான் இருக்கிறது. அதையும் எழுதுங்கள். ட்ரவுட் இல்லாத ஓடையில் யாரும் ஆசைக்குக்கூடக் குஞ்சு விடக் கூடாது.

நான் பெரும்பாலும் அணைகளில்தான் பிடிக்கிறேன். ஹிம்வில்லில் கிடைத்த முதல் ரெயின்போ ட்ரவுட்டைப் புளிக்குழம்பு வைத்தேன். என் பேரன் "ஆயா, இது ஷாட் மாதிரி இல்லையே" என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். ஆற்று மீனைக் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே விட்டுவிடுவேன். செப்டம்பர் பிறந்ததும் ஆறுகள் திறக்கும். இரண்டு வாரத்தில் புரட்டாசி வந்துவிடும். அந்த மாதம் முழுக்க நான் கோலைத் தொடுவதில்லை. சாமி விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்து கட்டுவேன். போன புரட்டாசியில் மட்டும் நாற்பத்தெட்டு.

அடுத்த மலரில் ஒரு திருத்தம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் சனிக்கிழமை ஒரு மேசை ஒதுக்கினால் நான் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். தைக்கத் தெரிந்த அம்மாக்களும் வரட்டும். இந்த உறைக்குள் மூன்று ஃப்ளை வைத்திருக்கிறேன். முள்ளின் நுனிக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டுக் கார்க்கில் குத்தியிருக்கிறேன். ஆனாலும் முனை கூர்மையானது, பிரிக்கும்போது விரல் பத்திரம்.

தங்கள் நெடுநாள் வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்