சாவியை வாங்குவதற்கு முன்

அன்பு மகள் யாழினிக்கு,

நீ பார்த்து வைத்திருக்கும் 2021 மாடல் வண்டியின் படங்கள் வந்தன. டயர், சர்வீஸ் ரெக்கார்டு, பழைய கிளைம் எல்லாம் அப்பா பார்த்துக்கொள்வார். நான் எழுதுவது அந்தப் பெரிய திரையைப் பற்றியும், கண்ணில் படாமல் உள்ளே உட்கார்ந்து, மொபைல் நெட்வொர்க் வழியாக வண்டியைக் கம்பெனி சர்வரோடு இணைக்கும் இ-சிம் பெட்டியைப் பற்றியும். பெங்களூரில் தனியாக ஓட்டப்போகிறாய். உன் வண்டி எங்கே நிற்கிறது என்பது முன்பின் தெரியாத ஒருவருக்குத் தெரியக் கூடாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இப்படிப்பட்ட வண்டிகளுக்கு ஒரு ஆப் உண்டு. ஹூண்டாயில் ப்ளூலிங்க், கியாவில் கியா கனெக்ட், எம்ஜியில் ஐ-ஸ்மார்ட், மஹிந்திராவில் அட்ரினாக்ஸ். பெயர்தான் வேறு. வண்டி நிற்கும் இடத்தை மேப்பில் காட்டும், கதவைப் பூட்டும், திறக்கும். சில மாடல்களில் இன்ஜினையே ஸ்டார்ட் செய்யும். இந்த அதிகாரம் சாவியோடு கைமாறாது, ஆர்சி பெயர் மாறினாலும் தானாக மாறாது. கம்பெனி சர்வரில் யார் கணக்கில் வண்டி இருக்கிறதோ, அவர் கையில்தான் இருக்கும். விற்கிறவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். நீ தங்கியிருக்கும் தெரு அவர் போனில் தெரிய வேண்டிய அவசியமில்லை.

அதனால் பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், அவரை நேரில் உட்காரவைத்து அவர் ஆப்பிலிருந்து வண்டியை நீக்கச் சொல்லு. ஓடிபி பெரும்பாலும் அவர் நம்பருக்குத்தான் வரும், பிறகு அவரைத் துரத்திப் பிடிப்பது கஷ்டம். நீக்கிய பின் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் ஆப்பை மூடித் திறந்து கதவைப் பூட்டச் சொல்லிப் பார். பூட்டு அசையக் கூடாது, அவர் ஆப்பில் வண்டியே தெரியக் கூடாது. உன் பெயரில் பதிவு செய்ததும் புது பின் நம்பர் போடு. 'ஷேர்டு யூசர்' பட்டியலையும் திறந்து பார். வீட்டு ஆட்கள், டிரைவர் என்று யாரையாவது சேர்த்து வைத்திருப்பார்கள். இடையில் டீலர் இருந்து பழைய ஓனர் கிடைக்கவில்லை என்றால், உன் பெயருக்கு மாறிய ஆர்சி நகலும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போ.

"திரையை ஃபேக்டரி ரீசெட் பண்ணியாச்சே மேடம்" என்று டீலர் சொல்வார். அது போதாது, கண்ணு. திரை வேறு, இ-சிம் பெட்டி வேறு. ரீசெட் செய்தால் திரையில் இருக்கும் கான்டாக்ட், கால் பட்டியல், மேப்பில் சேமித்த 'ஹோம்' முகவரி, வைஃபை பாஸ்வேர்டு இவை போகும்; சர்வரில் இருக்கும் கணக்கு பல வண்டிகளில் அப்படியே நிற்கும். இரண்டையும் செய்ய வேண்டும். ரீசெட் முடிந்ததும் ப்ளூடூத் பட்டியலும் மேப்பின் பழைய இடங்களும் காலியா என்று நீயே தொட்டுப் பார்.

அடுத்தது உன் போன். முதல் முறை ப்ளூடூத்தில் இணைக்கும்போது கான்டாக்ட், கால் ஹிஸ்டரி பார்க்க அனுமதி கேட்கும். அவசரத்தில் எல்லோரும் 'அலவ்' தட்டிவிடுகிறார்கள். போன்புக் முழுவதும் வண்டிக்குள் நகல் ஆகிவிடும். மறுத்தாலும் பேச முடியும், பெயருக்குப் பதிலாக நம்பர் வரும், அவ்வளவுதான். உன் சொந்த வண்டியில் கொடுக்கலாம்; வாடகை வண்டியிலோ ஃபிரெண்டு வண்டியிலோ கொடுக்காதே. ஏற்கெனவே கொடுத்திருந்தால், ஆண்ட்ராய்டில் 'கனெக்டட் டிவைசஸ்' போய், வண்டிப் பெயர் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தட்டி, கான்டாக்ட் ஷேரிங்கை அணை. ஐபோனில் ப்ளூடூத் பட்டியலில் வண்டிப் பெயர் அருகே உள்ள நீல 'ஐ' குறி. வாடகை வண்டியில் சார்ஜ் மட்டும் வேண்டுமென்றால் யுஎஸ்பி போர்ட்டில் செருகாமல், 12 வோல்ட் சாக்கெட்டில் சொந்த சார்ஜரைப் போட்டுக்கொள்.

போன் ஆப்களை வண்டித் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஐபோனுக்கான கார்ப்ளே இரண்டும் இந்த வகையில் பரவாயில்லை. மேப்பும் மெசேஜும் போனில்தான் ஓடும், வண்டித் திரை காட்டுவதோடு சரி. ஆனால் வயர்லெஸ் முறை முதலில் ப்ளூடூத்தில் இணைந்துதான் வைஃபைக்குத் தாவும், அதனால் கான்டாக்ட் கேள்வி அங்கேயும் வரும். வெயிலில் போன் சூடாகும், சார்ஜும் இறங்கும். நீண்ட பயணத்துக்குக் கேபிளே நல்லது. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிள் வேலைக்கு ஆகாது, டேட்டா கேபிள் வேண்டும். மேடு பள்ளத்தில் திரை அணைந்து அணைந்து வந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பார்.

"என்கிட்ட மறைக்க என்ன இருக்கு" என்று நீ கேட்பாய். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் 3 விநாடிக்கு ஒருமுறை வரை இருப்பிடம் பதிவு செய்தன. திடீர் பிரேக், இரவு நேர ஓட்டம், வேகம் எல்லாம் டேட்டா நிறுவனங்கள் வழியாக இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போய், சிலருக்குப் பிரீமியம் ஏறியது. 2024-இல் விஷயம் வெளியே வந்தது. 2025 ஜனவரியில் அந்நாட்டு வணிக ஆணையமான எஃப்டிசி, அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு இந்த டேட்டாவை 5 வருடம் கொடுக்கக் கூடாது என்று நடவடிக்கை எடுத்தது. மோசில்லா அறக்கட்டளை 2023-இல் 25 கார் பிராண்டுகளை அலசியபோது தனியுரிமையில் ஒன்றுகூடத் தேறவில்லை. நம் ஊரில் 2023-இல் டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசமும் உண்டு. அதுவரை உன் கவனம்தான் காவல்.

ஆப்பில் 'டிரைவிங் ஸ்கோர்' மாதிரி ஏதாவது இருந்தால் அணைத்துவிடு. ஓட்டும் விதத்தைப் பார்த்துப் பிரீமியம் போடும் இன்சூரன்ஸுக்கு இங்கேயும் 2022-இல் அனுமதி வந்துவிட்டது. எடுப்பதானால் தெரிந்தே எடு. ஆப்புக்கு இருப்பிட அனுமதி 'பயன்படுத்தும்போது மட்டும்' இருக்கட்டும். ஆபத்தில் உதவிக்கு அழைக்கும் எஸ்ஓஎஸ் பட்டனை மட்டும் எக்காரணம் கொண்டும் கைவிடாதே. பல வண்டிகளில் சந்தா முடிந்தால் அந்தப் பட்டனும் வேலை செய்யாது. முடியும் தேதியைக் கேட்டுப் புதுப்பித்துவிடு. அந்தப் பணம் செலவழிக்கத் தக்கது.

பழைய ஃபாஸ்டேக்கை விற்கிறவரே மூட வேண்டும். விட்டால் நீ சேலம் வரும்போது அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி, தொப்பூர் என ஒவ்வொரு டோல்கேட்டும் நேரத்தோடு அவர் போனுக்கு மெசேஜாகப் போகும்.

வண்டி எடுக்கும் அன்று போனில் சார்ஜ் நிறைய இருக்கட்டும், ஆப்பை முன்கூட்டியே இறக்கி வை. "அப்புறம் வாட்ஸ்ஆப்ல பார்த்துக்கலாம்" என்று அவர் சொன்னால் பாக்கிப் பணத்தை நிறுத்தி வை.

அன்புடன்,
அம்மா